மே மாதத் தோப்பு வரவேற்புக்கு எந்த கேக் நிற்கும்?

தம்பி, உங்கள் தங்கைக்கு மே இரண்டாவது வாரத்தில் கல்யாணம் என்றும், வரவேற்பை மண்டபத்தில் வைக்காமல் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சாயங்காலம் ஐந்தரைக்கு வைத்திருப்பதாகவும், 250 பேர் வருவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வழக்கமான மூன்றடுக்கு வெள்ளை கிரீம் கேக் வேண்டவே வேண்டாம் என்று தங்கை பிடிவாதமாக இருக்கிறாளாம். வெயிலுக்கு உருகாமல், வித்தியாசமாக என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி.

புதுச்சேரியில் பதினாறு வருடமாக கல்யாண கேக் செய்கிறேன். உங்கள் தங்கை சொல்வதுதான் சரி. அந்த இடத்துக்கும் அந்த மாதத்துக்கும் கிரீம் கேக் ஆகாது. ஆனால் ‘வித்தியாசம்’ என்று படத்தில் பார்க்கும் பல கேக்குகளும் ஆகாது. அதனால் முதலில் காற்றைப் பற்றிப் பேசிவிட்டு அப்புறம் கேக்குக்கு வருகிறேன்.

மே இரண்டாவது வாரம் என்றால் கத்திரி வெயில் நடுவில். பகலில் 36, 37 டிகிரி சாதாரணம், சில நாள் 40 வரை போகும். ஐந்தரைக்குத் தோப்பு நிழலிலும் 30க்குக் கீழே இறங்காது. வெண்ணெய் முழுக்க உருகுவது 32இலிருந்து 35 டிகிரிக்குள். அதற்கு வெகு முன்பே இளகிவிடும், இளகினாலே அதில் வைத்த பூ வேலை வழிந்து இறங்க ஆரம்பிக்கும். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகும். பேக்கரிகளில் பெரும்பாலும் அடிக்கிற விப்பிங் கிரீம் தாவரக் கொழுப்பில் செய்தது, பால் கிரீமைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்தக் கொஞ்சம் ஏசி மண்டபத்துக்குத்தான் போதும்.

வெக்கையை மட்டும் எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நம் கரையில் அதைவிடப் பெரிய சங்கடம் ஈரம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பியதும் உடம்புக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அந்தக் காற்று தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறது. சர்க்கரை அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரைப் போர்வை போர்த்திய கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தோப்பில் வைத்தால் பத்து நிமிஷத்தில் வேர்க்கும், தொட்டால் பிசுபிசுக்கும், சிவப்புப் பூவின் சாயம் வெள்ளையில் இறங்கும். முட்டை வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் அடித்துச் சுடுகிற மெரிங், மாக்கரோன் கோபுரம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே உங்கள் கேக்குக்கு இரண்டு தகுதி வேண்டும்: உருகுவதற்கு அதில் கொழுப்பு மேற்பூச்சாக இருக்கக் கூடாது, நிற்பதற்கு அது மெல்லிய சர்க்கரையை நம்பக் கூடாது.

இந்த இரண்டாவது தகுதியை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழில் ஆரம்பித்த மூன்றாவது வருடம், ஒரு பெண் குரோக்கம்பூஷ் கேட்டாள். பிரான்சில் கல்யாணத்துக்கு வைப்பது. உள்ளே கிரீம் நிரப்பிய சின்னச் சின்ன ‘ஷூ’ உருண்டைகளை, அதாவது சுட்டால் உள்ளே கூடாக உப்புகிற மாவு உருண்டைகளை,க் காய்ச்சிய சர்க்கரையால் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக அடுக்குவார்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர் இது, கேட்பதில் ஆச்சரியம் இல்லை. ஆசையோடு செய்தேன். தோட்டத்து வரவேற்பு, மே மாதம். நான்கரைக்கு அடுக்கி முடித்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. ஐந்து மணிக்கு அந்தச் சர்க்கரை இழைகள் மேல் குண்டூசித் தலை அளவுக்கு நீர்முத்துகள் அரும்பின. ஐந்தே காலுக்கு ஒரு உருண்டை கீழே நகர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து, நான் பின்னால் நின்று கையால் தாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் தங்கையும் அதைக் கேட்கக்கூடும், கேட்டால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏசி அறைக்குள் வைக்கிற கேக் அது என்று சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் யோசிக்காமல் வளையக் கோபுரம் வைப்பேன். நார்வேயிலும் டென்மார்க்கிலும் கல்யாணம், திருநாள் என்றால் வைப்பது. நார்வேக்காரர்கள் கிரான்செகாகே என்பார்கள். ‘கிரான்ஸ்’ என்றால் மாலை, ‘காகே’ என்றால் கேக். மாலை கேக்! மாலை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா? பாதாமை அரைத்து, சர்க்கரையும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்துப் பிசைந்து, கயிறாக உருட்டி, வளையங்களாகச் சுட்டு, பெரியதிலிருந்து சின்னதாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது. வழக்கமாக 18 வளையம். கிரீம் கிடையாது, வெண்ணெய் கிடையாது, மாவு தேவையில்லை. உருகுவதற்கு ஒன்றுமே இல்லை. ஈரக்காற்று பட்டால் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் இந்தப் பண்டம் மெதுவாக, பல்லுக்கு இழுவையாக இருப்பதுதான் ருசி. வேறு கேக்கைக் கெடுக்கிற ஈரம் இதற்கு நன்மை செய்கிறது.

நீங்கள் கடலூர்க்காரர். பண்ருட்டி முந்திரி உங்கள் மாவட்டத்துச் சொத்து. அதனால் முழுக்கப் பாதாம் போடாமல் பாதி முந்திரி போடச் சொல்லுங்கள். முழு முந்திரிகூட வேண்டாம், அரைக்கத்தானே போகிறோம், உடைசலே போதும், விலையும் குறையும். முந்திரியை மட்டும் வைத்துச் செய்தால் சுடும்போது வளையம் தட்டையாகப் பரவிவிடுகிறது, பாதி பாதாம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இது நான் நாலைந்து தடவை செய்து பார்த்துக் கண்ட அளவு.

உங்கள் கேக்காரர் இதைச் செய்தது இல்லை என்றால் பயப்பட வேண்டாம், சொல்லிக்கொடுத்துவிடலாம். முந்திரி, பாதாம் சேர்ந்து முக்கால் கிலோ, ஐசிங் சுகர் முக்கால் கிலோ, ஐந்து முட்டையின் வெள்ளைக் கரு, ஒரு சிட்டிகை உப்பு. பருப்பை மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொண்டு விழுதாகிவிடும், அப்புறம் அது வளையத்துக்கு உதவாது. சர்க்கரையும் வெள்ளைக் கருவும் சேர்த்து, அடுப்பில் கொதிக்கிற தண்ணீர் மேல் பாத்திரத்தை வைத்து, கை பொறுக்கிற சூடு வரும்வரை பிசைய வேண்டும். முதலில் மணல் மாதிரி உதிரும். சூடு ஏற ஏற ஒன்றுசேர்ந்து, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு உருண்டு வரும், மைசூர்பாகு கிண்டும்போது வருமே ஒரு மணம், அதில் பாதி வரும். அந்த நேரத்தில் இறக்கி, மூடி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

மறுநாள் சுண்டுவிரல் பருமனுக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கட்டும், கயிறாக உருட்டுவது. இதற்கு அச்சு விற்கிறார்கள், இல்லாவிட்டாலும் ஸ்கேல் போதும். முதல் கயிறு 15 சென்டிமீட்டர். அடுத்தது 18. அதற்கடுத்தது 21. இப்படி மூன்று மூன்று சென்டிமீட்டராகக் கூட்டிக்கொண்டே போனால் பதினெட்டாவது 66 சென்டிமீட்டரில் வந்து நிற்கும், வளையங்கள் தானாகக் கோபுர வடிவில் உட்காரும். அளவில் மட்டும் கண்டிப்பு வேண்டும், கண் அளவு உதவாது. முந்திரி சீக்கிரம் சிவந்துவிடும், ஆகவே 180 டிகிரியில் சுட்டு, மேலே பொன்நிறம் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். உள்ளே மெதுவாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஆறினால் இறுகும்.

ஒட்டுவதற்கும் அலங்காரத்துக்கும் ராயல் ஐசிங். வெள்ளைக் கருவும் ஐசிங் சுகரும் அடித்தது, கொழுப்பே இல்லை, காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி இறுகும். பச்சை வெள்ளைக் கருவுக்குப் பதில் மெரிங் பவுடரில், அதாவது காயவைத்த வெள்ளைக் கருப் பொடியில், செய்யச் சொல்லுங்கள், வெயில் காலத்துக்கு அதுதான் பத்திரம். நெளிநெளியாகக் கோலத்துச் சிக்கு மாதிரி ஒவ்வொரு வளையத்திலும் இழுத்து, ஏசி அறையில் ஒரு ராத்திரி காய விட வேண்டும். ஈரக்காற்றில் காயப்போட்டால் மேல்தோல் மட்டும் காயும், அடியில் வழுக்கும்.

கோபுரம் ஒரு அடி உயரம்தான் வரும். 250 பேர் கூடுகிற தோப்பில் அது சின்னதாகத் தெரியும் என்றால் 18, 14, 10 வளையங்களில் மூன்று கோபுரம் வையுங்கள், பித்தளைத் தாம்பாளத்தில் வெவ்வேறு உயர முக்காலிகள் மேல். அழகாக இருக்கும். உள்ளே காலியாக இருக்கிறதே, அதில் நார்வேயில் மது பாட்டிலை வைப்பது உண்டு. நீங்கள் உள்ளே சீரக மிட்டாயும் கல்கண்டும் நிரப்பிவிடலாம், கோபுரத்தைத் தூக்கும்போது குழந்தைகள் மேல் கொட்டும். இதைக் கத்தியால் வெட்டுவதில்லை என்பதும் ஒரு அழகு. மேல்பகுதியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு அடி வளையத்தை எடுத்து ஒடித்துக் கொடுப்பார்கள். அதனால் கோபுரம் குட்டையாகிக்கொண்டே வந்தாலும் உருவம் குலையாது. படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவையுங்கள்.

ஆனால் இதை மட்டும் வைத்து 250 பேருக்குப் பரிமாற முடியாது. பந்திக்கு நம் புதுச்சேரி விவிக்கம் கேக்கை வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு இங்கே வீட்டுக்கு வீடு செய்வது, ரவையில் செய்யும் கேக், வெண்ணெயும் முட்டையும் ரம்மில் ஊறிய உலர்பழமும் முந்திரியும் சேர்ந்தது. மேலே கிரீம் பூச வேண்டிய அவசியமே இல்லாத பண்டம், செய்து நாள் ஆக ஆகத்தான் ருசி கூடும். நான் ரவையை வெண்ணெயோடு குழைத்து ராத்திரி முழுக்க ஊற வைத்துவிட்டு மறுநாள்தான் மற்றதைச் சேர்ப்பேன், அப்போதுதான் ரவை நாக்கில் நறநறக்காது. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே சுட்டுவைத்துவிடலாம். ஒருவருக்கு 60 கிராம் துண்டு என்றால் 250 பேருக்கு 15 கிலோ. பிரியாணி சாப்பிட்ட வயிற்றுக்கு அது போதும், கூடவே கேட்கிறவர்களுக்கு ஒரு இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கையில் கல்யாண ரிச் கேக்கைத் துண்டு போட்டு, சின்னப் பெட்டியில் வைத்து வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். நீங்களும் தாம்பூலப் பையில் ஒரு துண்டு வைத்துவிடலாம். ரம் விஷயத்தில் மட்டும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் கருப்பு திராட்சைச் சாற்றில் பழத்தை ஊற வைக்கலாம், ஆனால் அப்போது பத்து நாள் தாங்காது, மூன்று நாள் முன்புதான் செய்ய வேண்டும்.

முட்டை சாப்பிடாத உறவினர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. நம் கல்யாணங்களில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு மூலையில் எக்லெஸ் கேக் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. கோபுரத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு ஜோடி பருப்புத்தேங்காய்க் கூடு வையுங்கள். பிராமண வீட்டுக் கல்யாணங்களில் பார்த்திருப்பீர்கள், கூம்பு அச்சில் வெல்லப்பாகில் கலந்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முந்திரி அல்லது மனோகரம் அடைத்து, ஜரிகைத்தாள் சுற்றி ஜோடியாக வைப்பது. உருவத்தில் அந்தக் குரோக்கம்பூஷுக்கு அசல் தங்கை. பாகும் சர்க்கரைதானே, அது மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்பீர்கள். குரோக்கம்பூஷில் இருப்பது கிரீம் நிரப்பிய மெல்லிய ஓட்டு உருண்டைகள், அவற்றைப் பிடித்திருப்பது மெல்லிய சர்க்கரைப் பூச்சு. அது இளகினால் எல்லாம் போச்சு. இங்கே உள்ளே இருப்பது இறுக்கி அடைத்த பருப்பு, இளகினாலும் மேல்தோல் மட்டும்தான் பிசுபிசுக்கும், அதற்குமேல் தாள் சுற்றியிருக்கிறது. பாகை மட்டும் நல்ல கெட்டிப் பதத்தில் எடுக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தாம்பாளத்தில் போட்டால் ‘ணங்’ என்று சத்தம் வர வேண்டும். வரவேற்பு முடிந்து உடைத்தால் எல்லோருக்கும் ஒரு துண்டு வரும்.

அப்புறம் ஜில்லென்று ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கத்திரியில் வந்தவர்களுக்கு நாக்கு வறண்டுவிடும். அதற்கு இளநீர்க் கடல்பாசி, சைனா கிராஸ் என்று கடையில் கேட்பது. ஜெலட்டின் போட்ட புட்டிங் 35 டிகிரிக்கே தண்ணீராகிவிடும், அதோடு அது மாட்டு எலும்பு, தோலிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது, பாதிப் பேர் தொட மாட்டார்கள். கடல்பாசி உறைந்தபின் திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். வெயிலிலேயே வைத்தாலும் கரையாது, நேரம் ஆனால் கொஞ்சம் தண்ணீர் விடும், அவ்வளவுதான். இளநீரும் வழுக்கையும், அந்த மாதத்தில் வழியெல்லாம் கிடைக்கிற நுங்கும் போட்டுச் சின்னக் கிண்ணங்களில் உறைய வைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். பால் சேர்க்காதீர்கள்.

ஏன் பாலையும் கிரீமையும் இவ்வளவு தள்ளிவைக்கிறேன் என்றால் அழகுக்காக மட்டும் இல்லை. கிரீம், கஸ்டர்ட் வைத்த பண்டத்தை ஃப்ரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெக்கை என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. கல்யாணத்தில் ஐந்தரை என்று பத்திரிகையில் போட்டால் கேக் பக்கம் போவது எத்தனை மணிக்கு என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில் யாராவது, கட்டாயம் ஒரு அத்தையாவது, கிரீம் கேக் இல்லாமல் கல்யாணமா என்பார்கள். அப்போது சண்டை போடாதீர்கள். சின்னதாக ஒரு கிலோ கேக்கை ஐஸ் பெட்டியிலேயே வைத்திருந்து, வெட்டும் நிமிஷத்துக்கு மட்டும் வெளியே கொண்டுவந்து, வெட்டியதும் பரிமாறிவிடுங்கள்.

இடத்து வேலைக்கு வருகிறேன். பெரும்பாலும் கேக் கெடுவது அங்கேதான். தோப்பு மணலில் மேசைக்கால் புதையும், அடியில் பிளைவுட் பலகை போட்டு, மேலே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பாருங்கள். மேசையைக் கடலுக்கு எதிராக வைக்காமல் காற்றை மறைக்கிற மாதிரி ஒரு தட்டியோ ஓலைப் பந்தலோ கிழக்குப் பக்கம் கட்டுங்கள், காற்றோடு மணலும் வரும், கேக்கில் ஒரு மணல் பல்லில் பட்டால் போதும். எறும்புக்கு நம் பாட்டிமார் வழிதான்: மேசைக்கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மேசைவிரிப்பின் நுனி தரையில் படாமல் தூக்கிக் கட்டுங்கள். விரிப்பு தொட்டால் எறும்புக்கு அதுவே ஏணி.

பூவில் கவனம் வேண்டும். மேடைக்கு வந்த பூவில் மீதியை எடுத்துக் கேக் மேல் செருகுகிற பழக்கம் அலங்காரக்காரர்களிடம் இருக்கிறது. அரளி முழுக்க விஷம், அது மேசைப் பக்கமே வரக் கூடாது. நந்தியாவட்டை, பெருங்கள்ளி எல்லாம் ஒடித்தால் பால் வடியும், வேண்டாம். மார்க்கெட் ரோஜாவில் மருந்து அடித்திருப்பார்கள். மருந்து அடிக்காத வீட்டுப் பன்னீர் ரோஜா, சங்குப்பூ இவை போதும். மல்லிச்சரம் தாம்பாளத்தைச் சுற்றி மட்டும் இருக்கட்டும்.

கேக்கை எங்கள் ஊரிலிருந்து எடுத்துவந்தால் 22 கிலோமீட்டர்தான், ஆனால் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி வர வேண்டும், அதற்கப்புறம் வேகத்தடைகள். வளையங்களைத் தனித்தனியாகத் தட்டில் அடுக்கி, பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுவந்து தோப்பிலேயே அடுக்கலாம் என்பது இந்த கேக்கின் இன்னொரு நிம்மதி. மூன்றடுக்கு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு வருகிற அந்தப் பதற்றம் கிடையாது. டிக்கியில் வைக்காதீர்கள், அங்கே ஏசி போகாது. சீட்டும் சரிவு, கால் வைக்கிற தரைதான் சமம். அடுக்குவதை ஐந்து மணிக்குமேல் ஆரம்பித்தால் அரை மணியில் முடிந்துவிடும். ஆறரைக்குப் பொழுது சாய்கிறது, விளக்கு போடுகிற அந்த நேரத்தில் முதல் வளையத்தை எடுக்கச் சொல்லுங்கள். பருப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், ‘முந்திரி, பாதாம், முட்டை உண்டு’ என்று மேசையில் ஒரு அட்டை எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தவறவிடாதீர்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் ஐந்து வளையம் மட்டும் சுடச் சொல்லி, ஐசிங் இழுத்துக் காய்ந்ததும் அதே தோப்புக்குக் கொண்டுபோய், அதே ஐந்தரை மணிக்கு மேசை போட்டு வையுங்கள். தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழரைக்கு ஐசிங்கை விரலால் தொட்டுப் பாருங்கள், வெள்ளை விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் கேக்காரரிடம் ஐசிங்கை இன்னும் கெட்டியாக அடித்து, இரண்டு ராத்திரி காயப்போடச் சொல்லுங்கள். வளையம் ஒன்றை ஒடித்துத் தங்கையிடம் கொடுங்கள், பாதாம் கூடவா, முந்திரி கூடவா என்று அவளே சொல்லட்டும்.